காஞ்ச போர்

ஆடு மேய்க்க வந்த அத்தாயி, போர்க்குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கைக்கு எட்டுகிற ஆழத்தில் தண்ணீர் மினுக்கிக்கொண்டிருந்தது. பல வருசமாக ஓணான் குடியிருந்த காஞ்ச போர் அது.

"நம்ம சேந்தமங்கலத்துக் காட்டுல இத்தன மேல தண்ணி பாத்து எத்தன காலமாச்சு சாமி. உங்கையி ராசியான கையி."

தனசேகர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். காலையிலிருந்து கம்ப்ரசர் போட்டு, குழாயை அடைத்துக் கிடந்த சேற்றையும் கல்லையும் வெளியே தள்ளியதில் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. காலி டேங்கர் லாரியின் நிழலில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தான். பேசினால் அழுகை வந்துவிடுமோ என்று பயம்.

பாவம், மீசை முளைத்த வயசில் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறியவன். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று ஊர் ஊராகத் துளை போட்டுத் திரிந்து, தீபாவளிக்குத் தீபாவளி தலைகாட்டுகிற பிழைப்பு. அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், மகள் நிலா செல்போனை எடுத்துக் காட்டுகிறாள். நாய் படாத பாடு பட்டது போதுமடா சாமி என்று ஆகிவிட்டது அவனுக்கு.

இந்தப் போர் சரியாக அமைந்தால் சுற்றுவட்டாரத்திலேயே நிரந்தர வேலை என்று நீர்ப் பாதுகாப்புத் திட்டத்து இன்ஜினியர் கிருத்திகா வாக்குக் கொடுத்திருந்தாள். அமையாவிட்டால் மறுபடியும் ரிக் வண்டிதான். நாளைக்கே வடக்கே கிளம்பியாக வேண்டும்.

கிருத்திகா குழாய்க்குள் கயிறு விட்டுப் பார்த்தாள். அவசரப்பட்டு எதுவும் சொல்ல முடியாது, கொஞ்ச நேரம் பொறுங்கள் அண்ணா என்றாள். தனசேகர் கொல்லிமலைப் பக்கம் திரும்பி, தெரிந்த சாமிகளை எல்லாம் கும்பிட்டான்.

வெயில் ஏறியது. குழாய்க்குள் களக் களக்கென்று ஒரு சத்தம். ஓடிப்போய் எட்டிப் பார்த்த அத்தாயி நெஞ்சில் கைவைத்தாள். மினுக்கிக்கொண்டிருந்த தண்ணீரைக் காணோம். கிருத்திகா கயிற்றை இறக்கிக்கொண்டே போனாள். எவ்வளவு விட்டும் நுனி நனையவில்லை. அவள் தனசேகரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான். துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

அத்தாயிக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள். "போவுது உடு சாமி. இந்தப் பூமி ஆரத்தான் கைவிடாம இருந்துச்சு. நீ என்ன பண்ணுவ."

போன் அடித்தது. அவன் மனைவி மோகனப்பிரியா. என்ன ஆச்சுங்க என்று கேட்பதற்குள்ளாகவே அவள் குரல் உடைந்தது.

தனசேகர் துண்டை எடுத்தான். அத்தாயி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"டேங்கர்ல கொண்டாந்து போர்ல ஊத்துன தண்ணி பூராத்தையும் பூமி குடிச்சிருச்சு புள்ள, இனி மழைத்தண்ணியும் இப்பிடித்தான் உள்ள எறங்கும், வேலை எனக்குத்தான்."