காற்றாலைக்கு ஒரு மன்றாட்டு

'இதை நான் வாசித்தால் பக்கத்து வீட்டு றெஜினாவும் பதில் சொல்ல வேண்டிவரும்.'

யசிந்தா கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தாள். ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிப்பவள் அவள்தான். ஒவ்வொன்றின் முடிவிலும் கோவில் முழுவதும், 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று சொல்லும். பங்குச்சபைச் செயலாளர் ஸ்தனிஸ்லாஸ் இந்த முறை புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்: தாழ்வுபாட்டுக் கரையில் காற்றாலைகள் வராமல் காத்தருளும்.

"இதை விட்டிட்டு மற்றதுகளை வாசிக்கிறன், அண்ணன்."

"ஏன்? உன்ர தம்பிக்குக் காற்றாலைக் கம்பனியில வேலை தாறாங்களோ?"

"நிலக்கரிப் புகையைவிடக் காத்து நல்லதெண்டு சுவாமியே பிரசங்கத்தில சொன்னவர்."

"காத்து நல்லதுதான். கரைவலை இழுக்கிற இடத்தில தூணை நட்டால் நாங்கள் எங்க போறது?"

"அதுவும் சரிதான்."

"பிறகென்ன? காற்றாலைக்குக் கம்பி ஏத்தி வந்த லொறியை மறிச்சது நீ. போராட்டக் குழுவுக்குத் தலைவியும் நீ. நீயே பின்வாங்கினால் ஊர் என்ன நினைக்கும்?"

"ஊர்க் கூட்டத்தில றெஜினா எழும்பி, தன்ர பிள்ளையளுக்கு வேலை வேணுமெண்டு என்னோட சண்டை பிடிச்சவ. பூசையில அவவால எழும்பிச் சண்டை பிடிக்க ஏலுமே?"

போரில் இடம்பெயர்ந்திருந்த முகாமில், எதற்கென்று கேளாமல் எல்லோரோடும் சேர்ந்து கை உயர்த்திய காலம் யசிந்தாவுக்கு நினைவிருந்தது.

"திங்கட்கிழமை அரசாங்க அதிபரின்ர கச்சேரிக்கு முன்னால காற்றாலை வேண்டாமெண்டு எவ்வளவு நேரமும் கத்துறன். இதை மட்டும் வாசிக்கமாட்டன், அண்ணன்."