வாசலுக்கு வெளியே

காய்ச்சல் பரவியதும் சிறார் கூர்நோக்கு இல்லத்தைக் காலி செய்தார்கள். கைப்பேசித் திருட்டு வழக்கில் இருந்த பதினாறு வயது பெனிட்டாவைக் காசிமேட்டில் இருந்த அவள் அம்மாவிடமே அனுப்பி, கணுக்காலில் ஒரு பட்டையை மாட்டினார்கள். அடுத்த விசாரணைவரை அவள் வாசற்படியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பட்டை அலறும், காவல் வண்டி வரும்.

அம்மா ரெஜினாவுக்கு மூச்சு முட்டிய அன்று, பெனிட்டா காலையிலிருந்து ஆம்புலன்ஸை அழைத்தாள். "உங்கள் அழைப்பு வரிசையில் உள்ளது" என்றது குரல். மாலையிலும் அதையே சொன்னது. அம்மாவின் உதடு நீலம் பூத்ததும், அவள் போனை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நின்றாள்.

பட்டை அலறியது. வண்டி உடனே வந்துவிட்டது.

"எங்க ஓடப் பாத்த?" என்றார் கவச உடையில் இருந்த ஏட்டு.

"ஓடல சார். அம்மாவுக்கு மூச்சு வரல. ஆம்புலன்ஸ் வராது, நீங்க வருவீங்க. அதான் வெளிய வந்தேன்."

ஏட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். ரெஜினாவை அந்த வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ரெஜினா பிழைத்து வீடு திரும்பினாள். விதிமீறலுக்காகப் பெனிட்டாவின் வீட்டுக் காவலை நீதிபதி திரையில் தோன்றி நீட்டித்தார். இன்னொரு முறை வெளியே வந்தால் இல்லத்தின் தனியறையில் அடைப்போம் என்றும் எச்சரித்தார்.

சில நாளில் எதிர்வீட்டு மரகதம் கதவைத் தட்டினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு இழுக்குதும்மா. ஆம்புலன்ஸ் வரவே மாட்டேங்குது. நீ கொஞ்சம் வெளிய வந்து நில்லேன்" என்று அழுதாள்.

"போகாதடி, உன்னத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று கட்டிலிலிருந்து கத்தினாள் ரெஜினா.

பெனிட்டா அம்மாவின் தலைமாட்டில் தண்ணீரும் மாத்திரையும் எடுத்து வைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.