தீவுக்குப் பதினான்கு பாட்டு

முப்பத்தொரு பாட்டு எழுதிக்கொண்டு போனோம். கசட்டில் பதினான்குக்குத்தான் இடம் என்று வேலப்போடி அண்ணன் சொல்லிவிட்டார்.

கல்முனையில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை அவருடையது. புதுக் கசட் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மற்றவை திங்கட்கிழமைதான் கொழும்பிலிருந்து வரும். மச்சானுக்கோ அன்றைக்கு மாலை ஐந்தரைக்கு பஸ்.

மச்சான் என்றால் என் புருஷன் காலிதீன். வளைகுடாவில் எண்ணெய் எடுக்கிற ஒரு தீவில் சமையல் வேலை, இரண்டு வருஷம். சுற்றிவரக் கடல், நடுவில் மணலும் குழாயும். ஒரு புல்பூண்டு கிடையாதாம், குருவிகூட வராதாம்.

போய் வந்த மஜீட் காக்கா சொன்னது இது. அங்கே எல்லாரிடமும் றேடியோ கசட் இருக்கிறது, போட்டுக் கேட்கத்தான் நம்முடைய பாட்டு இல்லை. பார்சல் அனுப்பினால் பாதி வழியில் காணாமல் போகும். கொண்டு போவதை இன்றைக்கே கொண்டு போக வேண்டும்.

இரண்டு வருஷத்துக்குப் பதினான்கு பாட்டு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

யாருக்கும் தன் கதிரையை விட்டுக்கொடுக்காத வேலப்போடி அண்ணன் அன்றைக்கு எழுந்து எனக்குக் கொடுத்தார். நான் அரசி மாதிரி அமர்ந்து பட்டியலை வெட்டத் தொடங்கினேன்.

சோகப் பாட்டையெல்லாம் முதலில் அடித்தேன். ஒன்றையாவது விடச் சொல்லி மச்சான் கெஞ்சினார். மணலில் குந்தியிருந்து அழுவதற்கா போகிறீர்கள் என்று கேட்டேன்.

எங்கள் கலியாண வீட்டில் ஒலிபெருக்கி கட்டி மூன்று நாளும் போட்ட பாட்டுக்கு முதலிடம். அதில் மறுபேச்சில்லை. மச்சான் அதைப் பாடினால் பக்கத்து வீட்டுத் தறி பயந்து நின்றுவிடும், அவ்வளவு இனிமை.

இரண்டாவது, அக்கரைப்பற்றுக்குப் போகையில் மழை பிடித்து பஸ் நின்றபோது சாரதி திரும்பத் திரும்பப் போட்ட பாட்டு.

மூன்றாவதை ஏன் எடுத்தோம் என்று சொல்லமாட்டேன்.

எட்டாவது இடத்துக்கு இரண்டு பாட்டு மல்லுக்கு நின்றன. மச்சான் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. வேலப்போடி அண்ணன் என் பக்கம் சேர்ந்தார். மின்குமிழ் வாங்க வந்த ஒரு மனுஷரும் வாங்க வந்ததை மறந்து நியாயம் சொல்லிவிட்டுப் போனார். வென்றது நான்தான்.

முதல் பக்கத்து ஏழு பாட்டும் பதிந்து முடிந்தது. அண்ணன் கசட்டைத் திருப்பிப் போட்டு, எட்டாவது பாட்டின் இசைத்தட்டில் ஊசியை வைக்கப் போனார். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது.

கல்முனை பசாரில் பாங்கு கேட்டால் பாட்டு நிற்கும். வேலப்போடி அண்ணனின் கை தானாகவே ஊசியைத் தூக்கிவிட்டது. நான் முக்காட்டை இழுத்துவிட்டேன். பசாரே அடங்கிப்போய் இருந்தது.

பாங்கு முடிந்தது. அண்ணன் மறுபடி ஊசியைத் தொட்டார். மச்சான் அவர் கையைப் பிடித்தார்.

"ரெண்டாம் பக்கம் பாட்டு வேணாம், அண்ணன். மைக் இரிக்கா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை பிடித்து வென்ற பாட்டு உட்பட ஏழு பாட்டு! பைத்தியமா உங்களுக்கு என்று அண்ணனுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. சற்றுக் கீழே பார்த்தார்.

"நம்மட புள்ள பொறக்கக்குள்ள நான் இரிக்கமாட்டன், றுகையா. காதுல சொல்ற பாங்கு என்ட குரலா இரிக்கணும்."

எனக்கு ஒன்பதாம் மாதம். பாங்கை என் வாப்பா சொல்லுவார் என்று வீட்டில் முன்பே பேசி வைத்திருந்தார்கள். மச்சானும் தலையாட்டியிருந்தார். பிள்ளை இந்த உலகத்தில் முதன்முதல் கேட்க வேண்டிய சத்தம் அது. மனுஷர் இத்தனை நாளும் மனதுக்குள் போட்டுக் குமைந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

நான் வாய் திறக்குமுன் வேலப்போடி அண்ணன் முந்திக்கொண்டார்.

"அப்ப பாட்டு இருக்கிற கசட்டுல அது வேணாம், தம்பி. நான் அழிச்சுத் தாறன்."

கசட்டை மறுபடி திருப்பி, எதையும் போடாமல் வெறுமனே பதியவிட்டார். அரை மணிநேரம். ஏழு பாட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. நான் பட்டியலில் ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துக்கொண்டு இருந்தேன். அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

பிறகு அண்ணன் கடைக்கதவைச் சாத்தினார். மச்சான் தொப்பியைப் போட்டுக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்றார். பாட்டில் கால் இடறி விழுகிற அந்தக் குரல் பாங்கில் ஓர் இடத்திலும் பிசகவில்லை. என் வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது. நான் எழுந்து போய் மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

கசட் என் கைக்கு வந்தது. பட்டியலை மச்சான் வாங்கினார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

ஐந்தரைக்கு பஸ் கிளம்பியது. சந்தியில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எனக்கு ஒரு விரலைக் காட்டினார். வாய் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த மனுஷர் காதைப் பொத்திக்கொண்டார்.

ஒன்றாம் இலக்கப் பாட்டு.