மூத்த வீட்டுத் தகரம்

பைக்கை நிறுத்தும்போதே ஓவர்சியர் ஆரோக்கியராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலைமேல் வாழவந்தி நாடு என்கிற பகுதியில் அந்த ஊருக்கு முதன்முதலில் குடிவந்தவர்கள் கட்டிய வீடு அது. மண்சுவர், புல் கூரை, பத்தடி உயரம். ஊர்க்காரர்களுக்கு அது மூத்த வீடு. இப்போது அந்தக் கூரைக்கு மேலே இரும்புக் குழாய்களை நட்டு, கண் கூசுகிற மாதிரி தகரக் கொட்டகை போட்டிருந்தார் வீட்டுக்காரர் சின்னுசாமி.

லட்சணமான வீட்டைக் கெடுத்ததுகூடப் பெரிதில்லை. மூத்த வீட்டைவிட உயரமாக யாரும் கட்டக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதனால்தான் எதிர்வீட்டுக் கண்ணாயி, அரசாங்கக் கான்கிரீட் வீடு சாங்ஷன் ஆகியும் ஒரு செங்கல்கூட வைக்காமல் இருந்தாள். மழை வந்தால் கைக்குழந்தையோடு மாட்டுக் கொட்டகையில் ஒண்டுகிறாள். இந்த மாதக் கடைசிக்குள் வேலை தொடங்காவிட்டால் வீடு ரத்து.

போன மாதம் இதே சின்னுசாமிதான் ஆபீசுக்கு வந்து, கண்ணாயி வீட்டு உயரம் எவ்வளவு என்று நைசாகக் கேட்டுக்கொண்டு போனார். இவரும் பிளானைப் பார்த்துப் பன்னிரண்டடி என்று சொல்லித் தொலைத்தார். எதற்குக் கேட்டார் என்பது இப்போதல்லவா தெரிகிறது.

"மேல யாருங்க குடியிருக்கப் போறாங்க?" என்றார் ஆரோக்கியராஜ்.

"ஆரும் இல்லீங்க. ஏறவே வழி கெடையாதுங்க."

"அப்போ வெறும் பவுசு. முதல்ல வந்துட்டா காலத்துக்கும் ஊரைக் குனிய வெச்சே ஆகணுமா? அந்தப் பொண்ணு நனையாம படுக்க ஒரு கூரைக்குத் தவிக்குது. உங்களுக்கு இன்னும் உசரம் கேக்குதா?"

சின்னுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது எரிகிற கொள்ளியில் எண்ணெய் விட்டது. தாசில்தாருக்கு எழுதுவேன், போலீசோடு வந்து இந்தத் தகரத்தைப் பிடுங்கிப் போடுவேன் என்று ஆரோக்கியராஜ் கத்தித் தீர்த்தார்.

கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு சின்னுசாமி சொன்னார்.

"கட்டு கண்ணு, ஒண்ணும் ஆவாதுன்னு நானே மூணு தடவ போய்ச் சொல்லிப் பாத்தனுங்க. எங்கூட்டுக்கு மேல போனா சாமி குத்தம்னு கண்ணாயி ஒரே புடியா மாட்டேன்னுருச்சு. குத்தமில்லேன்னு ஊர்ல ஒருத்தரும் நம்பலீங்க."

எதிர்வீட்டு வாசலில் டிராக்டர் ஒன்று செங்கல் இறக்கிக்கொண்டிருப்பதை ஆரோக்கியராஜ் அப்போதுதான் பார்த்தார். இடுப்பில் குழந்தையோடு கண்ணாயி நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நீங்க பன்னெண்டடின்னு சொன்னீங்களே சார்," என்றார் சின்னுசாமி. "அதான் எங்கூட்டப் பதிமூணா ஏத்திப்புட்டனுங்க."