சூட்டைக் காத்த ஐஸ்பெட்டி

பத்து வருஷமாகக் கல்யாணப் பந்திகளுக்கு ஐஸ்கிரீம் சுமந்த ஐஸ்பெட்டியின் வயிற்றில் ஆரோக்கியம் ஓட்டை போட்டு, ஒரு பித்தளைக் குழாயைத் திருகினார். உள்ளே கம்பிச் சல்லடை வைத்து, முளைகட்டி இடித்த பார்லியைக் கொட்டி, ஆவி பறக்க வெந்நீர் ஊற்றி மூடினார்.

"ஒரு மணி நேரம் சூடு இறங்காம இருந்தா பீருக்கு நல்ல சாறு கிடைக்கும். இறங்குச்சோ, பெட்டி காயலான் கடைக்கு!"

பெட்டிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"யோவ் பார்லி! நான் பிறவியிலேயே குளிர்ச்சியான ஆளு. ஒரு மணி நேரமெல்லாம் கட்டுப்படியாகாது. கால் மணியில முடிச்சுக்க!"

"முக்கால் மணிக்குக் குறைஞ்சா எனக்கு இனிப்பே இறங்காதுய்யா," என்றது பார்லி, வெந்நீரில் குதியாட்டம் போட்டபடி.

"இருபது நிமிஷம்! மேல பேசினா மூடியைத் தூக்கி எறிஞ்சிடுவேன்!"

குழாய் பதறியது. "அண்ணே, இன்னிக்கு வந்த பய கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஐஸ்கிரீமை எப்படிக் குளிர வெச்சீங்க?"

"நான் எங்கடா குளிர வெச்சேன்? அது வரும்போதே குளிர்ந்துதான் வரும். நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"அதையே இப்பவும் பண்ணுங்களேன்!"

பெட்டி வாயை இறுக மூடியது. பார்லி குதித்த குதியில் உள்ளே கிச்சுகிச்சு மூட்டியும் திறக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஆரோக்கியம் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். "அட, ஒரு டிகிரிகூட இறங்கலையே!" என்று கூத்தாடிக்கொண்டே குழாயைத் திறந்தார். தேன் நிறத்தில் இனிப்புச் சாறு கொட்டியது. சிரித்த சிரிப்பில் குழாய்க்குப் புரையேறியது.

பெட்டி மூடியைப் படபடவென்று அடித்துக்கொண்டது.

"பாத்தியாடா தம்பி? தண்ணி காய வைக்கிறதுல இந்த ஊர்லயே நம்மள அடிச்சுக்க ஆள் கிடையாது!"