வகுப்பு முயல்

ஐந்தாம் வகுப்பில் வளர்ந்த வெள்ளை முயலை லீவில் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுபோன ஞானதுரை வாத்தியார், அதைக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டார். பள்ளி திறந்ததும் "ஓடிப்போச்சு" என்றார். அந்தக் குழம்பின் வாசனை தெருவுக்கே தெரியும். தினமும் முயலுக்குத் தீனி வைத்த அமலி அழவில்லை. மறுநாள் ஒரு கை அருகம்புல்லைப் பறித்துவந்து அவர் மேசையில் வைத்தாள்.

"என்னட்டி இது?"

"முயலுக்கு, சார்."

"அதான் ஓடிப்போச்சுன்னேன்லா."

"இல்ல சார். உங்க வயித்துக்குள்ள இருக்கு. அதுக்குப் பசிக்கும்லா."

வாத்தியார் பிரம்பை எடுத்தார். அமலி அடி முழுவதையும் வாங்கிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் காலை வகுப்பிலுள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் ஆளுக்கொரு கை புல்லோடு மேசை முன்னால் வரிசையில் நின்றார்கள். பிரம்பை எடுக்கப்போன வாத்தியாரின் கை, வயிற்றைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டது.