தப்பாகப் போட்ட கணக்கு

இனியவனின் வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டப் புரட்ட நாலாம் வகுப்பு டீச்சர் அமுதவள்ளிக்கு எரிச்சல் ஏறியது.

பக்கத்துக்குப் பக்கம் பெரியவர்கள் கையால் போட்ட கணக்கு. பக்கத்துக்குப் பக்கம் தப்பு. நாற்பத்தேழும் முப்பத்தாறும் எழுபத்து மூணாம்.

"இனியவனுக்கு வூட்டுல கணக்கு சொல்லித் தர்றது நீங்கதானா?"

பூங்கோதை தலையாட்டினாள். பீங்கான் கம்பெனியில் ஷிப்டு முடிந்து நேராக மகனின் பள்ளிக்கு வந்திருந்தாள். முந்தானையெல்லாம் வெள்ளைத் தூசி.

"தெரியலன்னா விட்டுடுங்கம்மா. தனியார் ஸ்கூல்ல இருந்து இங்க வந்தப்ப உங்க பையன் வாயே திறக்க மாட்டான். நான் பாடுபட்டு இப்பதான் தைரியமா போர்டு கிட்ட வரான். நீங்க அவனைக் குழப்பிடாதீங்க."

"சரிங்க டீச்சர்."

"வேணும்னா சனிக்கிழமை வாங்க. கூட்டல், கழித்தல் நானே சொல்லித் தரேன். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

"வரேங்க."

அந்தப் பணிவில் அமுதவள்ளிக்கு மனசு இளகிவிட்டது. இனியவனின் பரீட்சைத் தாளை நீட்டினாள்.

"இதுல ஒரு கையெழுத்து. மெதுவா போடுங்க, அவசரமில்ல."

பேனாவை வாங்கிய பூங்கோதை, மார்க்குகளை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

"டீச்சர், கூட்டல்ல நாலு மார்க் கூடப் போட்டிருக்கீங்க. அறுபத்திரண்டுதான் வருது."

அமுதவள்ளி விரல் விட்டுக் கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். அறுபத்திரண்டேதான்.

"நீங்க... என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்சி. கணக்குங்க."

அமுதவள்ளியின் கண் நோட்டுக்குப் போனது.

"அப்ப இதெல்லாம்?"

பூங்கோதை குரலைத் தணித்தாள்.

"பழைய ஸ்கூல்ல மக்கு மக்குன்னே சொல்லிட்டாங்க டீச்சர். பென்சிலத் தொடவே பயந்தான். அதான் தெனம் நான் ஒரு பக்கம் தப்பாப் போட்டு வைப்பேன். அவன் உக்காந்து எனக்குச் சொல்லித் தருவான். அவன்கிட்ட சொல்லிடாதீங்க. அம்மா தேறிடுவாங்கன்னு அவங்கப்பாகிட்ட பெருமையாச் சொல்லிட்டிருக்கான்."

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போயிட்டு வரேங்க" என்று கிளம்பினாள்.

மறுநாள் காலை அமுதவள்ளி டீச்சர் போர்டில் முதல் கணக்கையே தப்பாகப் போட்டுவிட்டு, எந்தக் கை உயரும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.